கோட்டூர் யானைகள் மறுவாழ்வு மையம்: குமரி மாவட்டத்திலிருந்து போய்வர முழுமையான வழிகாட்டி

மீட்கப்பட்ட காட்டு விலங்குகளைக் குழந்தைகளுக்கு நேரில் காட்ட வேண்டும் என்று கேட்பவர்களை நான் கோட்டூருக்குத்தான் அனுப்புகிறேன். எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாறு நீர்த்தேக்கத்தின் கரையில், காப்புக்காடு என்ற இடத்தில் கேரள வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையம் அது. தாயைப் பிரிந்த குட்டிகளும், காட்டுக்குத் திரும்ப முடியாத பெரிய யானைகளும் அங்கே பராமரிக்கப்படுகின்றன. மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

பள்ளிப் பசுமைப்படை மாணவர்களையும் தெரிந்த குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு போய்வருகிறேன். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பாதித் தவறுகள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நடந்துவிடுகின்றன. அதனால்தான் இந்த வழிகாட்டியிலும் ஏறக்குறைய பாதி கிளம்புவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எந்த வகை இடத்துக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் இது குறித்துக் குழப்பம் அதிகம். குமரி வனவிலங்கு சரணாலயம் ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் காடு. அங்கே கூண்டும் கிடையாது, வரிசையாக நிறுத்திவைத்த விலங்கும் கிடையாது. மலையில் வாழும் விலங்குகள் அவற்றின் போக்கில் திரிகின்றன. நாம் போகிற நாளில் எதுவும் கண்ணில் படாமலே போகலாம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதும் குற்றம். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருப்பது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான்களையும் பறவைகளையும் பார்க்கலாம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். தொலைநோக்கியோடு போய் வலசைப் பறவைகளைப் பார்க்கும் இடம். இவற்றில் எதுவும் மீட்கப்பட்ட விலங்குகளுக்கான இல்லம் அல்ல.

விலங்கு மீட்பு மையங்கள் என்று முறைப்படி அங்கீகரிக்கப்பட்டவை பொதுவாகப் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. மிருகக்காட்சிசாலை அங்கீகார விதிகளே அங்குள்ள விலங்குகளைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்கின்றன. காரணம் எளிது: அடிபட்டு வந்த விலங்குக்கு முதல் மருந்து அமைதி. கோட்டூர் போன்ற இடங்கள் ஓரளவு திறந்திருக்கின்றன என்றால், அங்கிருக்கும் யானைகள் மனிதர்களுக்கு ஏற்கெனவே பழகிவிட்டவை என்பதுதான் காரணம். ஆகவே 'மீட்பு மையம்' என்று பெயர் போட்டுக்கொண்டு, குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கலாம், பாம்பைத் தோளில் போடலாம் என்று யாராவது அழைத்தால் அங்கே போகாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது: "அரிக்கொம்பனைப் பார்க்க முடியுமா?" ஏற்கெனவே ரேடியோ காலர் (இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை) அணிந்திருந்த அந்த யானையை 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்து, மேல்கோதையாறை ஒட்டிய களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டில் விட்டார்கள். அது காட்டுக்குத் திரும்பிய யானை. தேடிப் போய்ப் பார்க்கக் கூடாது.

2. நாளைத் தேர்ந்தெடுத்து, போனில் உறுதி செய்யுங்கள்

வேலை நாள்தான் நல்லது. ஞாயிறும் தொடர் விடுமுறையும் வந்தால் இரு மாநிலக் கூட்டமும் அங்கே சேர்ந்துவிடும். தமிழ்நாட்டு விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறிப்பவர்கள் ஓணம் வாரத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். கேரள நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நமக்கு இரண்டு பருவமழை. ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. மழைக்காலத்தில் பாதை வழுக்கும், அட்டை ஏறும், நீர்த்தேக்கத்தின் கரை சேறாகக் கிடக்கும். ஏப்ரல், மே வெயிலில் குழந்தைகள் நண்பகலுக்குள் சோர்ந்துவிடுகிறார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால் நடக்கவும் நிற்கவும் இதமாக இருக்கும்.

நாள் குறித்ததும் மையத்துக்கோ கேரள வனத்துறை அலுவலகத்துக்கோ போன் செய்யுங்கள். இணையத்தில் யாரோ எழுதிவைத்த நேரத்தை நம்பிக் கிளம்பி, பூட்டிய வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. நான்கு கேள்விகள் போதும்: அன்று பார்வையாளர்களுக்கு அனுமதி உண்டா, வார விடுமுறை எந்த நாள், டிக்கெட் எத்தனை மணியோடு முடியும், குளிப்பாட்டுவதும் உணவு தருவதும் எப்போது. குழுவாகப் போகிறவர்கள் முன்அனுமதிக் கடிதம் வேண்டுமா என்று ஐந்தாவதாகக் கேளுங்கள். குளியலும் உணவும் நடக்கும் நேரத்துக்கு ஏற்பத்தான் நம் பயணத்தை அமைக்க வேண்டும். யானையின் நேரத்தை நமக்காக மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது.

கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை மறுபடியும் ஒரு போன். அனுமதி திடீரென்று நிறுத்தப்படலாம், அதற்கு நியாயமும் உண்டு. 2021இல் ஸ்ரீக்குட்டி, அர்ஜுன் என்ற இரண்டு குட்டிகள் அடுத்தடுத்து யானைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு இங்கே பலியாயின. இது மனிதருக்கு ஒட்டாது. ஆனால் குட்டிகளுக்கு வந்தால் ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். அப்படியொரு நேரத்தில் வாசலை அடைத்தால் வாதாடாமல் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. யார் வரலாம், யார் வேண்டாம்

இருமல், காய்ச்சல் உள்ளவர்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும். மனிதரோடு நெருங்கி வாழும் யானைகளிடம் உலகம் முழுவதும் இந்த நோய் காணப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் முதலில் போகவேண்டிய இடம் அரசு மருத்துவமனை.

கைக்குழந்தை அழுதால் நம்மால் தடுக்க முடியாது. அந்த அழுகை யானையையும் கலைக்கும், தாயையும் பாடாய்ப் படுத்தும். ஐந்து வயதாவது ஆன பிள்ளைகளை அழைத்துவருவதே நல்லது என்பது என் கருத்து.

பள்ளிக் குழுவென்றால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்கட்டும். ஒரே கூட்டமாக நிற்காமல் சிறு குழுக்களாகப் பிரிந்து பார்க்க அது உதவும். அந்தப் பெரியவர்களில் ஒருவருக்காவது மலையாளம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்புப் பலகைகளும் வாசலில் சொல்லும் விதிகளும் பெரும்பாலும் மலையாளத்தில்தான். கேரள எல்லையோர விளவங்கோடு பக்கத்து வீடுகளில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஓர் ஒத்திகை வைத்துவிடுங்கள். கோட்டூர் போவதற்கு முந்தைய வாரம் உதயகிரிக் கோட்டைப் பூங்காவுக்கு அழைத்துப் போய், ஒரு மானின் எதிரில் ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் சிரிப்பும் கிள்ளலுமாகத்தான் போகும். மூன்றாவது நிமிடத்தில் ஒருவன் மெதுவாக, "சார், அது தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மெல்லுது" என்பான். அந்தப் பிள்ளை தயாராகிவிட்டான். இந்த ஒத்திகை இல்லாமல் நேராக யானைக்கு முன் நிறுத்தினால் கூச்சலைத் தவிர வேறொன்றும் நடக்காது.

4. பையில் என்ன இருக்க வேண்டும், என்ன கூடாது

முதலில் கூடாதவை. மார்த்தாண்டம் சந்தையில் ஒரு சீப்பு ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) வாங்கிக்கொண்டு வருவது புதியவர்கள் தவறாமல் செய்யும் காரியம். அன்போடு செய்வதுதான், ஆனால் அதைவிடத் தொல்லை தருவது வேறில்லை. ஒவ்வொரு யானைக்கும் என்ன, எவ்வளவு, எப்போது தருவது என்பதை மருத்துவரும் பாகனும் கணக்காக வைத்திருக்கிறார்கள். பால்குடி மாறாத குட்டியின் வயிறு சிறு மாற்றத்தையும் தாங்காது; கழிச்சல் கண்டால் உயிருக்கே ஆபத்து. பழத்தைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போனாலும் பயனில்லை. யானையின் மோப்பத்துக்கு எந்தப் பையும் மூடியில்லாத பாத்திரம்தான். பழ வாசனை வந்தால் பையை நோக்கித் துதிக்கை நீளும், பிள்ளை மிரண்டு ஓடும், பாகன் அதட்டுவார், கடைசியில் திட்டு வாங்குவது யானை. சக்கைப்பழ (பலாப்பழ) காலத்தில் வண்டிக்குள்ளும் சக்கை இருக்க வேண்டாம்.

சென்ட், வாசனை எண்ணெய், மல்லிகைச் சரம் எல்லாவற்றையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். பொதுவாகக் காட்டுக்குள் பிளாஸ்டிக்குக்கு அனுமதி கிடையாது. அதோடு உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை விலங்கு அப்படியே விழுங்கிவிடும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், அடையாள அட்டை, சில்லறை நோட்டுகள், தொப்பி, விரலை மூடும் காலணி, மழைக்கு ஒரு குடை. காட்டோரத்தில் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். ரொக்கம் இல்லாமல் போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். மாணவர்களுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் அவசியம். பார்த்ததை எழுதும் பிள்ளை கத்துவதில்லை.

5. வழி

முதல் எச்சரிக்கை: போன் வரைபடத்தில் 'காப்புக்காடு' என்று மட்டும் போட்டுத் தேடாதீர்கள். நம் மாவட்டத்திலேயே மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்புக்காடு இருக்கிறது. கோட்டூர், குற்றிச்சல், யானைகள் மறுவாழ்வு மையம் என்று சேர்த்துத் தேடினால்தான் சரியான இடம் வரும்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இரண்டு வழி. களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, குற்றிச்சல் வழியாகக் கோட்டூர் போவது ஒன்று. சாலை நல்லது, நெரிசல் அதிகம். மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, வெள்ளறடை, கள்ளிக்காடு வழியாகப் போவது இன்னொன்று. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சாலை. பார்க்க இனிமையானது, ஆனால் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு ஆகாது. எந்த வழியென்றாலும் மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கணக்கு வைத்துக் கிளம்புங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் காட்டாக்கடையை இலக்காக வையுங்கள். அங்கிருந்து கோட்டூர் பஸ் பிடிக்கலாம். அடிக்கடி ஓடும் தடம் அல்ல. ஆகவே இறங்கியவுடன் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே மற்ற வேலை.

வாடகை வேன் எடுப்பவர்கள் கேரளத்துக்குள் நுழைவதற்கான பெர்மிட்டையும் வரியையும் முந்தைய நாளே ஓட்டுநரிடம் பேசி முடித்துவிட வேண்டும். எல்லைச் சோதனைச் சாவடியில் வேன் நின்றுவிட, முப்பது பிள்ளைகளும் வெயிலில் இறங்கி நிற்க, யானைகளின் குளியல் நேரம் கடந்துபோவதை நேரில் கண்டிருக்கிறேன்.

காலை உணவை வழியிலேயே முடித்துவிடுங்கள். காட்டாக்கடையில் புட்டும் கடலையும் கட்டன் சாயாவும் கிடைக்கும். உள்ளே போனபின் சாப்பாட்டைப் பிரிக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

போகிற வழியில் நெய்யாறு அணையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். சேர்ப்பதானால் திரும்பும்போது சேருங்கள். சிங்க சஃபாரி இன்னும் இருக்கிறது என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர்; அங்கே இப்போது சிங்கங்கள் இல்லை. முதலை மறுவாழ்வு மையம் உண்டு.

6. வாசலில்

வண்டியை நிறுத்தியதும் ஹாரன் வேண்டாம். எல்லாரையும் கழிவறைக்கு அனுப்பி, தண்ணீர் குடிக்க வைத்து, அதன் பிறகு டிக்கெட் எடுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். போனை அமைதி நிலைக்கு மாற்றி, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். விதிகளை யாராவது சொல்கிறார்கள் என்றால், தெரிந்ததுதானே என்று நகராமல் முழுவதும் கேளுங்கள். அன்று எந்த யானை முரண்டு பிடிக்கிறது, எந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அன்றன்றைக்கு மாறும்.

7. யானைக்கு முன்னால்

பயணத்தின் சாரமே இந்தப் பகுதிதான். அவசரப்படாமல் வாசியுங்கள்.

வேலியோ கயிறோ இருந்தால் அதற்கு வெளியே ஓரடி விட்டு நில்லுங்கள். எதுவும் இல்லாவிட்டால் பாகன் காட்டும் இடம்தான் எல்லை. பெரிய யானையின் துதிக்கை இரண்டு மீட்டர் எட்டும். ஓர் அடி எடுத்து வைத்தால் இன்னும் கூடும். யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. யானை என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அதற்கும் புரியாது.

பக்கவாட்டில் நில்லுங்கள், அதன் கண்ணுக்குத் தெரியும்படி நில்லுங்கள். பின்னால் போகவே கூடாது. ஓடாதீர்கள், கை தட்டாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லும் குரலுக்கு வேலை செய்யவும் கீழ்ப்படியவும் அந்த விலங்கு பழகியிருக்கிறது. நாற்பது பேர் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டால் அது குழம்பும். மிருகக்காட்சிசாலைகளில் விலங்குகளைச் சீண்டுவதையும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும், உணவு கொடுப்பதையும், குப்பை போடுவதையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு தடை செய்கிறது. அதே ஒழுங்கை இங்கும் கடைப்பிடியுங்கள்.

இனி, என்ன பார்ப்பது. பெரும்பாலோர் இரண்டு படம் எடுத்துவிட்டு, "பார்த்தாச்சு, போகலாம்" என்கிறார்கள். பிள்ளைகளுக்கு நான் தரும் முதல் வேலை நகங்களை எண்ணுவது. முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, மொத்தம் பதினெட்டு என்பது வழக்கமான கணக்கு. கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள யானைகளும் உண்டு. எண்ணி முடிக்க யானை கால் மாற்றி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பார்வை கூர்மையாகிறது.

அடுத்தது காது. வயது ஏற ஏறக் காதின் மேல்விளிம்பு மடங்கிக்கொண்டே வரும். குட்டிக்கு விறைப்பாக நிற்கும், முதியதற்கு நன்றாக மடிந்து தொங்கும், ஓரம் கிழிந்தும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் யாரும் சொல்லாமலே மூத்தது எது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

பிறகு, புல் தின்பதைப் பாருங்கள். துதிக்கையின் நுனியில் விரல் போன்ற ஒரு நீட்சி இருக்கும். நம் ஆசிய யானைக்கு அது ஒன்றுதான். புல்லை அள்ளி, சுருட்டிப் பிடித்து, முன்காலில் இரண்டு முறை அடித்து மண்ணை உதறிவிட்டு வாயில் வைக்கும். வேரோடு வந்த கட்டியென்றால் இன்னும் சில அடி. அம்மாவிடமும் கூட்டத்திடமும் கற்க வேண்டிய பாடம் இது. தனியாக வந்து சேர்ந்த குட்டி, பெரிய யானை உதறுவதை அருகிலிருந்து பார்த்துத் தானும் புல்லைக் காலில் தட்டும். ஆனால் பாதிப் புல் சிதறிவிடும். குட்டிகளுக்கு எதிரில் அதிக நேரம் நில்லுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அசௌகரியத்தின் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். காது விசிறிக்கொண்டே இருந்தால் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று பொருள். விசிறல் சட்டென்று நின்று, காதுகள் விரிந்து, தலை உயர்ந்து உங்களை நோக்கித் திரும்பினால் பேச்சை நிறுத்தி மெதுவாகப் பின்வாங்குங்கள். ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எண்ணெய் வழிந்ததுபோல் ஈரக் கோடு தெரிந்தால் அது மதநீர். அந்தப் பக்கமே போக வேண்டாம். மதம் பிடித்த அந்த நாட்களில் பழகிய பாகனையே அது அண்டவிடாது.

ஒரு யானை நின்ற இடத்திலேயே தலையையும் உடலையும் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தால், "பாரு மக்கா, டான்ஸ் ஆடுது" என்று பெற்றோர் பிள்ளையிடம் காட்டுவார்கள். அது ஆட்டம் அல்ல. நெடுங்காலம் கட்டப்பட்டும் தனித்தும் இருந்த விலங்குகளிடம் படியும் பழக்கம் அது. கோயில் வாசலில் நிற்கும் யானைகளிடமும் இதைப் பார்க்கலாம். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட அது புரிகிறது.

சங்கிலி ஏன் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். சுற்றிலும் காடும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் இருக்கின்றன. மனிதரைக் கண்டு அஞ்சாத யானை அவிழ்ந்து போனால் வீடுகளுக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து. சிகிச்சைக்கும் சில நேரம் கட்ட வேண்டியிருக்கிறது. காரணங்களைச் சொல்லலாம், ஆனால் சங்கிலி நல்லது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விரிந்த அடைப்பில் கூட்டமாகத் திரிய விடுவதே மேல்.

காட்டில் ஏன் விட்டுவிடக் கூடாது என்பது அடுத்த கேள்வி. குட்டி கிடைத்தவுடன் வனத்துறை முதலில் முயல்வது தாயிடம் சேர்ப்பதற்குத்தான். கூட்டம் ஏற்காதபோதோ கண்ணில் படாதபோதோதான் மையத்துக்கு வருகிறது. எதைத் தின்பது, கோடையில் தண்ணீர் எங்கே, எதைக் கண்டு விலகுவது என்பதையெல்லாம் அம்மாவும் சித்திகளும் சொல்லித்தர வேண்டும். புட்டிப்பாலில் வளர்ந்தது பசி வந்தால் மனிதரைத் தேடித்தான் வரும். ஊருக்குள் வந்த யானைக்கு என்ன நேரும் என்பது பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

8. பாகனிடம் பேசுவது

யானை தின்றுகொண்டோ குளித்துக்கொண்டோ இருக்கும்போது பாகனின் கவனத்தைக் கலைக்காதீர்கள். வேலை முடிந்து அவர் ஓரமாக உட்காரும்வரை காத்திருந்து, "சேட்டா, ஒரு சந்தேகம்" என்று தொடங்குங்கள். இந்த யானைக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் பயம், இரவில் எத்தனை முறை எழுந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். எந்தப் பலகையிலும் இல்லாத செய்திகள் வரும்.

கேட்கக் கூடாதவை மூன்று. பிள்ளையை யானைமேல் ஏற்றச் சொல்லாதீர்கள், பணம் நீட்டித் தொட அனுமதி கேட்காதீர்கள். மற்றொன்று யானைமுடி. பயம் போகும், கண்ணேறு படாது என்று யானைவால் முடி மோதிரம் போடும் வழக்கம் குமரியில் இன்னும் இருக்கிறது; அதற்காகப் பாகனிடம் ரகசியமாகக் கேட்பவர்களைப் பார்க்கிறேன். யானை, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்படும் விலங்கு. அதன் உடலின் எந்தப் பகுதியை விற்பதும் வாங்குவதும் குற்றம். வாலின் நுனியை ஒரு நிமிடம் கவனியுங்கள். இரு பக்கமும் வரிசையாக நிற்கும் அந்தத் தடித்த முடிகளால்தான் அது ஈயையும் கொசுவையும் விரட்டுகிறது. முடி பறிக்கப்பட்ட வால் மொட்டைக் குச்சிபோல் ஆடும், ஈக்கள் போகாது. ஏற்கெனவே வீட்டில் மோதிரம் இருந்தால் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள்.

9. திரும்பும்போது

வெளியே வந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காலணியில் ஒட்டிய சேற்றையும் யானைச் சாணத்தையும் அங்கேயே சுரண்டிவிடுங்கள். வீட்டில் மாடு ஆடு இருப்பவர்கள் இதைத் தட்டக் கூடாது. கொண்டுபோன குப்பை திரும்பி வீட்டுக்கு வரட்டும்.

படங்களைப் பகிரும்போது குட்டியைத் தொடுவதுபோல் தோன்றும் படத்தை விட்டுவிடுங்கள். அதைப் பார்த்து அடுத்த வாரம் வருபவர் தொட அடம்பிடிப்பார். மையத்துக்கு உதவ நினைப்பவர்கள் பழமோ மருந்தோ வாங்கிப் போகாமல், என்ன தேவை, எப்படித் தருவது என்று அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

மாணவர்களைப் பஸ்ஸிலேயே எழுத வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதச் சொன்னால் படித்ததை எழுதுகிறார்கள், பார்த்ததை அல்ல.

10. அடுத்து உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு விலங்கு சிக்கினால்

போய்வந்தவர்கள் ஓரிரு மாதத்தில் எனக்குப் போன் செய்வார்கள்: கிணற்றில் உடும்பு, ரப்பர் தோட்டத்தில் மலைப்பாம்பு, தென்னை வெட்டியபோது விழுந்த ஆந்தைக் குஞ்சு, வேலியில் தேவாங்கு. இதையும் பயணத்தின் ஒரு படியாகவே சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் தள்ளி நில்லுங்கள். குட்டி தனியாகக் கிடப்பதால் அது அநாதை என்று பொருளில்லை. தாய் இரைதேடப் போயிருக்கலாம், உங்களைக் கண்டு புதரில் பதுங்கியும் இருக்கலாம். தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், தாய் இருக்கும் குட்டியையே தாயற்றதாக்கிவிடுவீர்கள். நாயையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் அப்புறப்படுத்துங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள், மாவட்ட வன அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. பாம்பு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் 101ஐ அழைத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லலாம்.

அடிபட்ட பறவையோ அணிலோ என்றால், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, இருட்டான இடத்தில் மூடி வையுங்கள். பால் ஊற்றாதீர்கள், வாயில் தண்ணீர் விடாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துவிடும். நாலு பேருக்குத் திறந்து காட்டாதீர்கள். கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்தான். வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். நீங்களே வெளியில் பறக்கவிட்டால் பறக்கப் பழகாத அது காக்கைக்கு இரையாகும்.

கடைசியாக ஒன்று. விலங்கு கிடைத்த இடத்தை, எந்த மரத்தடி, எந்த வாய்க்கால் கரை என்பதுவரை, நேரத்தோடு எழுதி வைத்து வன ஊழியரிடம் கொடுங்கள். பிழைத்து எழுந்தால் அதை அங்கேயேதான் கொண்டுபோய் விட வேண்டும்.